செடி நைட்ரேட்டுக்காகக் காத்திருப்பதில்லை

மீன் தொட்டி வைப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது: மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டர் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றித் தர வேண்டும், அதைத்தான் செடி உண்ணும்.

தலைகீழ்.

முதலில், செடி புரதம் கட்டுவது அம்மோனியத்திலிருந்து, அதாவது தொட்டி நீரில் அம்மோனியா பெரும்பாலும் இருக்கும் வடிவத்திலிருந்து. நைட்ரேட்டை உறிஞ்சினாலும் அப்படியே பயன்படுத்த முடியாது. அதை நைட்ரைட்டாக்கி, பிறகு மீண்டும் அம்மோனியமாக்க வேண்டும். ஒரு நைட்ரேட்டுக்கு 8 எலக்ட்ரான் செலவு. கைக்கெட்டும் தூரத்தில் அம்மோனியம் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு?

இரண்டாவது, இரண்டும் நீரில் இருந்தால் பெரும்பாலான நீர்ச்செடிகள் அம்மோனியத்தையே முதலில் எடுக்கின்றன. செடித் தொட்டிகள் பற்றி எழுதிய டயானா வால்ஸ்டட் 1999இலேயே தம் புத்தகத்தில் இதை விளக்கிவிட்டார். சேறும் தண்ணீருமாக நிற்கும் நெற்பயிர் பெரும்பாலும் எதை உண்கிறது? அம்மோனியத்தைத்தான். நெல்லுக்கு யூரியா போடும் எந்த விவசாயியும் அது நைட்ரேட்டாகட்டும் என்று காத்திருப்பதில்லை.

"நைட்ரேட் அளவு குறையவில்லை, செடி வேலை செய்யவில்லை" என்பது அடுத்த தவறு. அது அம்மோனியத்தைத் தின்றுகொண்டிருக்கலாமே? ஃபில்டரே இல்லாத வாளியில் ஒரு கட்டு ஹைட்ரில்லாவைப் போட்டு வெயிலில் வைத்தேன். முதல் நாள் அம்மோனியா சோதனைக் குழாய் பச்சை, அதாவது அம்மோனியா இருந்தது. நான்காம் நாள் வெளிர்மஞ்சள், அது கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. நுனித் தளிர்களில் குமிழிகள் ஒட்டியிருந்தன.

ஃபில்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. செடி குறைவாகவும் மீன் நெரிசலாகவும் உள்ள தொட்டியில் அது இல்லாவிட்டால் மீன் சாகும். ஆனால் செடி அடர்ந்த தொட்டியில் பாக்டீரியா சமையல்காரர் அல்ல, பந்தியில் போட்டிக்கு உட்கார்ந்தவர்.