விண்ணப்பமும் வழுவமைதியும்

வழாநிலை, வழு, வழுவமைதி எனச் சொல்லின் நடையை மூவகைப்படுத்தினர் நம் இலக்கண நூலார். பிழையறச் சொல்லுதல் வழாநிலை. பிழைபடச் சொல்லுதல் வழு. பிழையேயாயினும் தக்கதொரு காரணம் பற்றி ஆன்றோரால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பால் தரும் பசுவை உவப்பினால் ‘எங்கள் தாய் வருகின்றாள்’ என்பாரைத் திணைவழுப் புரிந்தாரென்று எவரும் கடியார். இதனை வகுப்பறையில் ஈராண்டு பயின்ற யாம், இதன் பயனை உணர்ந்தது சென்ற கோடை விடுமுறையில், மின்னஞ்சல் வழியே ஒரு வேலைக்கு விண்ணப்பம் விடுத்த பின்னரேயாம்.

ஏற்காட்டிற்கு அப்பால், சேர்வராயன் மலையில், ஒரு காப்பித் தோட்டத்தை அடுத்துள்ள சிற்றூர் எமது ஊர். மலையிலுள்ள பள்ளியொன்று, கோடை வகுப்பிற் சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் வேண்டுமென அறிவித்திருந்தது. வேலை ஒரு திங்களே; ஊதியமும் பெரிதன்று. எனினும் அடுத்த பருவத்து விடுதிக் கட்டணத்திற் பாதி அதனால் தீரும். தோட்டத்து ஊதியத்தைக் கொண்டு எம்மைப் படிக்க வைக்கும் எந்தையார்க்கு அப்பாதியின் அருமை தெரியும். சேலத்தினின்று மலையேறும் பேருந்தில் அமர்ந்தவாறே, முன்னர் வேறோர் இடத்திற்கு அனுப்பிய கடிதத்தைக் கைப்பேசியிற் படியெடுத்துச் சிற்சில மாற்றங்கள் செய்து அனுப்பினோம். இருபது கொண்டையூசி வளைவுகளுள் எத்தனையாவதில் அனுப்பினோம் என்பது நினைவிலில்லை; தலைச்சுற்றல் மட்டும் நினைவிலுள்ளது.

வீடு சேர்ந்து அதனை மீண்டும் படித்தபோது மூன்று பிழைகள் கண்ணிற் பட்டன. பள்ளித் தலைமையாசிரியை ஒரு பெண்மணி. அவரை ‘ஐயா’ என விளித்திருந்தோம். இது பால்வழு என்பது சொல்லவேண்டா. ‘தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன்’ என்று எழுதி, ஒன்றையும் இணைக்காது விட்டிருந்தோம். செய்யாததைச் செய்ததாகக் கூறிய இதனைக் காலவழு என்பதா, பொய் என்பதா என எம் வகுப்பு நண்பர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். மூன்றாவதே எம்மை உறங்கவொட்டாது செய்தது. ‘கற்பித்தல்’ என்பதைக் ‘கற்ப்பித்தல்’ என எழுதியிருந்தோம். றகர ஒற்றினை அடுத்து மற்றோர் ஒற்று வாராது என்பது தமிழ் ஆனர்ஸ் மாணவர் அறியாததன்று. எங்கள் ஊர்ப் பெயரையே ‘ஏற்க்காடு’ என எழுதுவாரைக் கண்டு நகைத்தவர் யாம். தமிழ் கற்பிக்கும் வேலையை வேண்டிய கடிதத்தில், கற்பித்தல் என்னும் சொல்லிலேயே இடறினோம்!

அனுப்பிய கடிதத்தை மீட்கும் வசதி ஜிமெயிலில் உண்டு. ஆயின் அதற்கு வாய்க்கும் காலம் மிகுதியாக 30 நொடிகளே. யாம் பிழையைக் கண்டதோ இரண்டு மணி நேரம் கழிந்தபின். அவ்வேளை கோடை மழை பிடித்துக்கொள்ள, மின்சாரமும் போயிற்று; கைப்பேசியும் அடங்கிற்று. ஆகவே அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தாளில் எழுதினோம். பேருந்து, வளைவு, தலைச்சுற்றல், எம் குடும்பநிலை, தமிழின்மேல் எமக்குள்ள பற்று ஆகிய யாவும் அதிற் புகுந்து ஒன்றரைப் பக்கம் நீண்டது. அண்டை வீட்டிலுள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியர் விடியலில் அதனை வாங்கிப் படித்தார். “தம்பி, நீ வேலை கேட்கிறாயா, பாவமன்னிப்புக் கேட்கிறாயா?” என்றார். பின்னர் எழுதுகோலை எடுத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு, இரண்டே வரிகளை நிறுத்தினார். ‘மதிப்பிற்குரிய அம்மையீர், நேற்றைய கடிதத்தில் தங்களைத் தவறாக விளித்தமைக்கு வருந்துகிறேன். விடுபட்ட தன்விவரக் குறிப்பையும் திருத்திய விண்ணப்பத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.’ அவ்வளவே. ‘கற்ப்பித்தல்’ பற்றி ஒரு சொல்லும் இல்லை. வினவியதற்கு, “திருத்திய படியில் அது சரியாயிருக்கிறதல்லவா? அவர் கண்டிருந்தால் திருத்தத்தையும் காண்பார். காணாதிருந்தால் நீ ஏன் காட்டவேண்டும்?” என்றார்.

இவ்விடையை முதலில் யாம் ஒப்பவில்லை. பிழையை மறைத்தலாகாதோ என ஐயுற்றோம். பன்முறை எண்ணிய பின்னர் அவர் கூற்றே தக்கதெனத் துணிந்தோம். எம்முடைய நாணத்தைக் கொண்டு பிழையை அளந்தமையாலன்றோ எழுத்துப்பிழை மலையாகத் தோன்றியது? படிப்பவர் இடத்தினின்று நோக்கின் வரிசையே தலைகீழாகின்றது. இணைப்பு இல்லையேல் அவர் எம்மை அறிதற்கு வழியே இல்லை, அதுவே முதற்பிழை. ‘ஐயா’ என்றது அவர் மனத்தைத் தொடுவது. ஒரு சொல்லில் வருத்தம் தெரிவித்தல் முறை. மிகையான ஓர் ஒற்றினால் அவர்க்கு யாதொரு கேடுமில்லை, பொருளும் திரியவில்லை. அதற்கென்று தனியே ஓர் அஞ்சல் விடுப்பது, நாள்தோறும் நூறு கடிதம் பார்ப்பவர்க்கு நூற்றோராவது கடிதத்தைச் சுமத்துவதாகும்.

எழுத்தளவிற் சிறிதாகிப் பொருளளவிற் பெரிதாகும் பிழையும் உண்டு. 1631ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அரச அச்சகத்தார் வெளியிட்ட ஆங்கில விவிலியப் பதிப்பொன்றில், விபசாரத்தை விலக்கும் கட்டளையில் எதிர்மறை குறித்த சிறு சொல் ஒன்று விடுபட்டு, விலக்கு ஏவலாக மாறிப்போயிற்று. அச்சிட்ட ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூக்காசும் 300 பவுன் தண்டம் விதிக்கப்பெற்றனர். விண்ணப்பத்திலும் இத்தகையன உள. பெற்ற மதிப்பெண் 58 ஆக இருக்க, விரல் தவறி 85 என எழுதிவிட்டால், அதனை எவரும் கண்டிலர் என்று வாளாவிருத்தல் அறமாகாது. பிழை நமக்கு ஆக்கம் தருவதாயின், கண்ட அப்பொழுதே நாமே முன்வந்து திருத்தவேண்டும். அதற்கு வழுவமைதி கிடையாது. எம் தமிழாசிரியரும் இதனை மறுக்கமாட்டார் என்றே நம்புகின்றோம்.

அறிவித்ததை மீளப் பெறுதல் இழிவென்று எண்ணுவாரும் உளர். 2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக் கோவையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றிய தமிழ்நாட்டு அரசாணை வெளியாயிற்று. அவ்வெழுத்துக்கள் பற்றிக் குறைகள் எழவே, அதே திங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அரசே செய்வதை மாணவன் செய்ய ஏன் கூசவேண்டும்?

நிற்க. இதுகாறும் விண்ணப்பிப்பார் கடமையைக் கூறினோம். விண்ணப்பத்தைப் படிப்பார்க்கும் கடமை உண்டு என்பதே எம் கருத்தின் மறுபாதி. பீகாரில் ஓர் இளைஞர் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தார். இணைய நிலையம் ஒன்றில் பிறர் துணைகொண்டு படிவத்தை நிரப்பியபோது, பிறந்த நாள் 18-12-1997 என்பது 08-12-1997 என்று பதிவாயிற்று. எழுத்துத் தேர்விலும் உடற்றகுதித் தேர்விலும் அவர் தேறினார். ஈற்றில், சான்றிதழில் ஒரு நாளும் விண்ணப்பத்தில் ஒரு நாளும் இருந்தமையால் விலக்கப்பட்டார். உயர் நீதிமன்றத்திலும் அவர்க்கு வெற்றி கிட்டவில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அப்பத்து நாள் வேற்றுமையால் அவர் யாதொரு நலமும் பெறவில்லை. எந்நாளைக் கொள்ளினும் தகுதியுடையவரே. உண்மை நாளைக் காட்டும் சான்றிதழை அவரே முன்வைத்தார். ஆகவே அற்பமான பிழைக்காக அவரைத் தள்ளுதல் கூடாதென்பது அத்தீர்ப்பின் கருத்து.

ஒன்று என்னும் ஓர் இலக்கம் விடுபட்டதற்கு ஓர் ஏழை இளைஞர் நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அத்துணைப் பொருளும் பொறுமையும் எத்தனை பேர்க்கு உண்டு? எம் மலையூர்களில் வீட்டில் கணிப்பொறி வைத்திருப்பார் சிலரே. ஏனையோர் ஏற்காட்டுக்கோ சேலத்துக்கோ சென்று, பிறர் விரலைக்கொண்டு தம் பெயரை எழுதுவிக்கின்றனர். அப்பெயரில் ஓர் எழுத்துத் தவறுதல் அவர்தம் சோம்பலைக் காட்டுவதன்று. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், கடைசி நாள் கழிந்த பின்னர்த் திருத்தம் செய்வதற்கென்றே மூன்று நாட்கள் வாயில் திறந்து வைக்கின்றது. தனியார் நிறுவனங்களும் பள்ளிகளும் இவ்வழக்கத்தை மேற்கொள்ளுதல் நலம். பொருள் விளங்காவிடத்து ஒரு வரி எழுதிக் கேட்டல் அவர்க்கு எத்துணைப் பாரம்? செம்மையாக எழுதும் ஆற்றலே வேலையாயிருக்குமிடத்து, எழுத்துப்பிழையை எடையிடுதல் முறையே. அதனை எமக்கெதிராகவும் ஒப்புகின்றோம்.

எம் விண்ணப்பம் என்னாயிற்று என்று வினவுவார்க்கு: மறுநாளே ‘இணைப்புக் கிடைத்தது, வெள்ளிக்கிழமை வருக’ என ஒரு வரி வந்தது. சென்றோம். தலைமையாசிரியை அம்மையார் ‘ஐயா’வைப் பற்றி ஒன்றும் கேட்டிலர். கரும்பலகையைக் காட்டி, ‘ஏற்காடு’ என எழுதி, றகரத்தின்பின் ககர ஒற்று ஏன் வாராது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோற் சொல்லுமாறு பணித்தார். அவர் முகத்தில் நகை இருந்ததா என்று பார்க்க எமக்குத் துணிவில்லை. வேலை, ஈராண்டு கற்பித்த பழக்கமுடைய வேறொருவர்க்குச் சென்றது. காரணத்தை அம்மையாரே நேரிற் கூறினார். விடுதிக் கட்டணத்தின் அப்பாதி இன்னும் கடனாகவே நிற்கின்றது. வரும் கோடைக்கும் அப்பள்ளிக்கு எழுதக் கருதியுள்ளோம். இம்முறை வரைவைத் தாளில் எழுதி, அண்டை வீட்டு ஆசிரியரிடம் கொடுத்திருக்கின்றோம். அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.