சாப்பாட்டு அறைக்கு இரண்டு வாளி வேண்டும்

ஆபீசில் அவரவர் மேஜையை அவரவர் துடைத்து வைத்துக்கொள்கிறோம். டிபன் டப்பாவைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொள்கிறோம். ஆனால், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அறையின் மூலையில் இருக்கிற குப்பை வாளி மட்டும் யாருக்கும் சொந்தமில்லை. ஊர்ப் பொதுக்கிணறு தூர்ந்துபோகிற கதைதான்.

மும்பையில் எந்த அலுவலகத்திலும் பகல் இரண்டு மணிக்கு அந்த வாளியை எட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். மிஞ்சிய சாம்பார் சாதம், முருங்கைக்காய்ச் சக்கை, மீன் முள், சாயா குடித்த காகிதக் கப், வடாபாவ் சுற்றி வந்த பேப்பர், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். நாற்பது பேர் சாப்பிடும் இடத்தில் ஒரு வாளி எந்த மூலைக்கு? நிரம்பியபின் வருகிறவர், வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலை வரை அது அப்படியே இருக்கும்.

இரவில் எலிக்கும் கரப்பானுக்கும் விருந்து. சோறு தின்ன வந்த எலி சோற்றோடு நிற்பதில்லை. கோப்பைக் கடிக்கிறது, கம்ப்யூட்டர் வயரைக் கடிக்கிறது. அதன் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியே உடம்பில் ஏறினால் எலிக்காய்ச்சல் வரும். 2005 ஜூலை 26-ந் தேதி பெருவெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் இந்தக் காய்ச்சலுக்குப் பலர் பலியானதைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

யாருடைய கை?

"கூட்டுவதற்குத்தான் ஆள் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. காலையில் ஒரு அம்மா வருகிறார். கான்ட்ராக்ட் கூலி. பாட்டிலும் காகிதமும் நாலு காசுக்கு விலை போகும் என்பதால் வாளிக்குள் கைவிட்டுப் பொறுக்குகிறார். சோற்றுக்கு அடியில் உடைந்த கண்ணாடி கிளாஸ் கிடப்பது மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நான் வேலை பார்க்கும் இடத்தில் அவர் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்த நாள் உண்டு. அன்று மத்தியானமும் வாளி எப்போதும் போலத்தான் நிரம்பியது.

நாம் பிரித்துப் போடாவிட்டால், பிரிக்கும் வேலை இல்லாமல் போவதில்லை. அது அந்த அம்மாவின் கைக்குப் போகிறது. நமக்கு ஒரு நொடி வேலை. அவருக்கு அரைமணி நேரம், நாற்றம், காயம்.

தேவ்னார் புகை

வாளியோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்த சோறு, குப்பை மேட்டில் காற்றுப் படாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது எரியக்கூடிய வாயு. 1927 முதல் மும்பையின் குப்பை கொட்டப்பட்ட தேவ்னாரில் 2016 ஜனவரி இறுதியில் பெருந்தீ பிடித்தது. தீ எப்படிப் பற்றியிருந்தாலும், அது பல நாள் அணையாமல் புகைய உள்ளே எரிபொருள் இருந்தது. கோவண்டி, செம்பூர் பக்கம் மூச்சுவிட முடியவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். அந்தப் பகுதிகளில் நம்மவர் குடும்பங்கள் எத்தனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே குப்பை பிரிந்து போனால் சோறும் காய்கறித் தோலும் உரமாகும். பிளாஸ்டிக்கை ரகம் பார்த்துக் கழுவி, உருக்கிக் குருணையாக்கும் பட்டறைகளைத் தாராவி வாசகர்கள் அறிவார்கள். காய்ந்த காகிதத்துக்கு அங்கே விலை உண்டு. சாம்பார் ஊறிய காகிதத்தை யாரும் தொடமாட்டார்கள்.

குப்பையை உண்டாக்குகிறவரே அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே விதி செய்தது. பெரிய வளாகங்கள் ஈரக் குப்பையைத் தங்கள் இடத்திலேயே உரமாக்க வேண்டும் என்று மும்பை மாநகராட்சி 2017-ல் சொன்னது. விதி ஏட்டில் இருக்கிறது. வாளி பழைய வாளியாகவே இருக்கிறது!

"நாம் பிரித்து என்ன பயன், கீழே எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். சில இடங்களில் அப்படி நடப்பது உண்மைதான். ஆனாலும் எலி குறையும், ஒரு தொழிலாளியின் விரல் தப்பும். பிரித்துக் கொடுத்த பிறகுதான், "ஏன் கலக்குகிறீர்கள்?" என்று தட்டிக் கேட்கும் உரிமையும் நமக்கு வரும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மூடியுள்ள வாளி ஒன்று, சோற்றுக்கும் சக்கைக்கும். மூடியில்லாத வாளி ஒன்று, காகிதத்துக்கும் பாட்டிலுக்கும். குழம்பையும் மோரையும் வாளியில் ஊற்றாமல் தொட்டியில் வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போட வேண்டும். சோற்று வாளியின் அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கண்ணாடித் துண்டைக் காகிதத்தில் சுற்றி, மேலே எழுதித் தனியே வைக்க வேண்டும். முக்கியமாக, சோற்று வாளி ஆபீஸ் மூடுவதற்குள் கீழே போய்விட வேண்டும். ராத்தங்கக் கூடாது.

இதைக் கவனிக்க வாரம் ஒருவர் என்று முறை வைத்து, பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். அதில் அதிகாரியின் பெயரும் வரட்டும். பியூன் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் கை கழுவக் கூடாது.

நிர்வாகத்துக்கும் பொறுப்பு உண்டு. துப்புரவுக் கான்ட்ராக்ட் எழுதும்போதே கையுறை, சோப்பு, கை கழுவ இடம் ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். மத்தியானமும் ஒருமுறை குப்பை எடுக்க ஆள் வைக்க வேண்டும். யூனியன்கள் அலவன்சுக்குக் கொடுக்கும் மனுவில் இதற்கும் ஒரு வரி சேர்த்தால் குறைந்துபோகாது.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. நாற்பது பேர் ஆளுக்கு ஒரு நாள் சாயா காசைப் போட்டால், இரண்டு வாளி இந்த வாரமே வந்துவிடும்.