புயலைத் தேடிப் போகும் நண்பர்கள்

புயல் என்றால் படகுகள் கரைக்குத் திரும்பும். விண்ட்சர்ஃபிங் பிரியர்களில் சிலரோ அப்போதுதான் கடலில் இறங்குவார்கள்! பாய் பொருத்திய பலகையில் நின்று, காற்றின் வேகத்தில் அலைமேல் பாயும் விளையாட்டு இது.

'ரெட் புல் ஸ்டார்ம் சேஸ்' போட்டிக்கு, மணிக்கு சுமார் 90 கி.மீ. காற்று வீசும் புயல்களையே தேடிப் போனார்கள். 2013 ஜனவரியில் அயர்லாந்து. ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா (அங்கே அது குளிர்காலம்). 2014 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்ன்வால். சாம்பியன், பிரான்ஸின் தாமஸ் டிராவர்சா.

காற்று கூடக்கூட பாயின் அளவைக் குறைப்பார்கள். பெரிய பாய் என்றால் காற்று ஆளையே தூக்கி எறிந்துவிடும். அதைவிட ஆபத்து, குளிர்ந்த நீர். விரல் மரத்துப்போனால் பிடி நழுவும், மறுபடி பலகையில் ஏறத் தெம்பு இருக்காது. அதற்குத்தான் தடிமனான நியோப்ரீன் உடை. பாய்மரம் உடைந்தாலும் பலகையை விட்டுவிட்டு நீந்தக் கூடாது. நம்மை மிதக்க வைப்பது அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: தனியாக இறங்காதே. அலைகளுக்கு நடுவே விழுந்தவரை, கூட வந்தவர்தான் முதலில் கவனிப்பார். கரை திரும்பியதும் தலைகளை எண்ண வேண்டும். கணக்கு சரியாக இருந்தால்தான், அடுத்து சூடான டீ!