மாடுகளுக்கு ஆக்ஸிடெட்ராஸைக்ளின்: அளவறிந்து கொடுப்பதன் அவசியம்

மாடு தீனி எடாமல் நின்றால், வியாதி இன்னதென்று விசாரியாமலே ஆக்ஸிடெட்ராஸைக்ளின் ஊசி பத்து மில்லி போட்டுவிடுவது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. 1950ஆம் ஆண்டில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டதாக வெளியான இம்மருந்து, பலவகைக் கிருமிகளை அடக்க வல்லது, விலையும் சகாயமானது. அக்காரணத்தாலேயே எல்லா வியாதிக்கும் எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு போதுமென்ற எண்ணம் பரவியிருக்கிறது. இது கைவிடப்பட வேண்டிய எண்ணம்.

மருந்தின் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது. மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள சாதாரணக் கரைசலை, கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 6.6 முதல் 11 மில்லிகிராம் வீதம் கொடுப்பது பொது விதி. 300 கிலோ பசுவுக்கு இது 40 முதல் 66 மில்லி வரை ஆகும். பத்து மில்லி போட்டால், மிகக் குறைந்த அளவிலும் நாலில் ஒரு பங்கே உடலிற் சேர்கிறது. நெடுநேரம் நின்று வேலை செய்யும் கரைசலோ மில்லிக்கு 200 மில்லிகிராம் உடையது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் அதே பசுவுக்கு ஒரு தடவைக்கு 30 மில்லி வேண்டும். புட்டிகள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருப்பதால், மேலொட்டிய சீட்டைப் படியாதவர் ஒன்றின் அளவை மற்றொன்றுக்குக் கொள்வது எளிது.

பத்து மில்லி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? தசையில் ஒரே இடத்தில் அதற்கு மேல் செலுத்தலாகாது என்ற எச்சரிக்கையிலிருந்தே வந்திருக்கக்கூடும். அது ஊசியிடத்திற்கு ஏற்பட்ட வரம்பேயன்றி மாட்டுக்கு ஏற்பட்ட அளவன்று. தராசில்லாத இடத்தில் தையற்காரரின் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்புறம் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தெலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுக்கவும். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, நீளத்தாற் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 64, நீளம் 54 என்றால் எடை சுமார் 335 கிலோ.

வியாதிக்கு வியாதியும் அளவு மாறும். முற்றிய குளம்பழுகலுக்குச் சாதாரணக் கரைசலின் மேலளவு வேண்டும். உண்ணியாற் பரவும் அனப்ளாஸ்மா என்னும் இரத்த வியாதிக்கு நெடுநேரக் கரைசலை 20 மில்லிகிராம் வீதம் கொடுப்பதுண்டு. தொண்டை அடைப்பானில் மாடு ஓரிரு நாளில் மடியக்கூடுமாதலால், முதற்குறி கண்டவுடன் முழு அளவு சேர வேண்டும். சப்பை நோய்க்குப் பெனிசிலினே முதன்மையானது. தசை அழுகியபின் இரத்தம் எட்டாத இடத்தில் எம்மருந்தும் எட்டாது. மடிவீக்கத்தில் கழுத்தில் போட்ட ஊசி மடிக்குப் போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. பாலை முற்றும் கறந்துவிட்டுக் காம்பு வழியே ஏற்றும் மருந்தை வைத்தியர் தேர்ந்தெடுப்பார். கோமாரியோ கிருமி வேறு ஜாதி. இம்மருந்து அதைத் தொடாது, புண்ணிற் பின்னர்ச் சேரும் கிருமிகளுக்கே உதவும். வளர்ந்த மாட்டுக்கு வாய்வழி கொடுப்பதும் தகாது; அசை வயிற்றில் தீனியைச் செரிக்கச் செய்யும் நல்ல உயிர்களும் அதனால் மாளும்.

முழு அளவு வாங்க ஏழைக் குடியானவரால் இயலாதென்று சிலர் பரிந்து பேசுகிறார்கள். ஒரே கறவைப் பசுவை நம்பியுள்ள வீட்டார்க்குக் கால் அளவு மருந்து மலிவாகத் தோன்றலாம். கிருமி மாளாமல் வியாதி திரும்பினால் இரண்டாம் முறைச் செலவும், சில சமயம் பசுவும் போகின்றன. எஞ்சிய கிருமிகள் மருந்தைத் தாங்கப் பழகியவையாக இருக்கும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் பிளெமிங் 1945இல் தம் நோபெல் உரையிலேயே, குறைந்த அளவு மருந்தால் கிருமிகள் இவ்வாறு வலுப்பெறுமென்று எச்சரித்தார். மாடு தலைநிமிர்ந்து தீனி தின்றதும் ஊசியை நிறுத்துவதும் அதே தீங்கைச் செய்யும். சாதாரணக் கரைசலை நோய்க்குறி நீங்கியபின்னும் ஒன்றிரண்டு நாள் தொடர்வதும், மொத்தம் நான்கு நாளுக்கு மேற்போகாதிருப்பதும் முறை.

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்து பாலில் இறங்குகிறது. காய்ச்சினால் முற்றும் நீங்குவதில்லை. அப்பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாமற் போவதும் உண்டு. இந்திய மருந்து விதிகளில் 2012இல் சேர்த்த திருத்தத்தின்படி, புட்டியில் பாலை விலக்கும் காலம் குறித்திருக்க வேண்டும். அம்மருந்துக்குத் தனியாகக் காலம் நிர்ணயிக்கப்படாவிடில் அது ஏழு நாளுக்குக் குறையலாகாது. அந்நாட்களின் பாலைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றுவதும் கன்றுக்கு விடுவதும் கூடா.

ஆகவே ஊசி போடுபவரிடம் குடியானவர் ஒரு துண்டுச் சீட்டுக் கேட்டுப் பெறுதல் நலம். மாட்டின் எடை, மருந்தின் பெயர், மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லி, எத்தனை நாள், எந்தத் தேதி முதல் பாலை விற்கலாம் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் மாட்டைக் காட்டாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லலாம்.