திருவுளச் சீட்டு

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகின்றது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று அது கிளைக்கும் இடத்தை மூணாறு தலைப்பு என்பார்கள். கோரையாற்றுப் பாசனத்தில் எட்டு மா நன்செய் உழுது பயிரிடும் அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மைக் காண வந்தார். மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பப் பணம் வேண்டும்; நிலத்தை விற்கலாமா என்பது அவர் கவலை.

"ஆண்டவருடைய சித்தம் எதுவென்று தெரியவில்லை, சாமி. ஒன்பது நாள் நவநாள் செய்தேன். மாதா சுரூபத்தின் முன்னே சீட்டும் போட்டுப் பார்த்தேன்" என்றார்.

"என்ன வந்தது?"

"முதலில் வேண்டாம் என்று வந்தது. பிள்ளை சரியாகக் குலுக்கவில்லையோ என்று மறுபடி போட்டேன். அதுவே வந்தது. மூன்றாம் தடவைதான் விற்கலாம் என்று வந்தது."

நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இறைவனுக்குத் தம் விடையை மாற்றிக்கொள்ள இரண்டு முறை வாய்ப்பளித்த பக்தர் அவர்! நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்யாதவர்கள்?

சீட்டுக்குத் திருவுளச் சீட்டு என்று பெயர் வைத்த தமிழன் எளிய நம்பிக்கையுள்ளவன். சப்பரத்தை முதலில் எந்தத் தெருவார் தூக்குவது என்பதற்கு அது போதும், சண்டையாவது மிஞ்சும். யூதாசின் இடத்துக்கு மத்தியாசைத் தேர்ந்தபோது அப்போஸ்தலர்களும் சீட்டுப் போட்டார்கள்தான். ஆனால் அது தூய ஆவியார் இறங்கி வருமுன் நடந்தது. அதன் பின் அப்போஸ்தலர் பணி நூலில் சீட்டு இல்லை. பந்தி விசாரிப்புக்கு எழுவரை நியமித்தபோதும், பவுலையும் பர்னபாவையும் அனுப்பியபோதும், யெருசலேமில் கூடி வாதாடியபோதும் அவர்கள் செபித்தார்கள், நோன்பிருந்தார்கள், கலந்து பேசினார்கள், பிறகு முடிவெடுத்தார்கள். ஆவியார் உள்ளத்தில் குடிகொண்ட பின்னர் காகிதச் சுருளுக்கு என்ன வேலை?

புனித இஞ்ஞாசியாரும் ஒருமுறை இப்படிச் செய்தவரே. 1522இல் மோன்செராத்துக்குப் போகும் வழியில், தேவதாயைக் குறித்துத் தகாத வார்த்தை பேசியதாகத் தாம் எண்ணிய ஒரு வழிப்போக்கனைத் துரத்திச் சென்று குத்துவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பிரிவழியில் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்தி, அதன் போக்கில் விட்டுவிட்டார். கழுதை வேறு பாதையில் போயிற்று, வழிப்போக்கன் பிழைத்தான். கொலை செய்யலாகாது என்று கட்டளை இருக்க, அதைக் கழுதையிடம் கேட்க வேண்டியிருந்தது! அவரே பின்னாளில் ஆன்மீகப் பயிற்சிகளை எழுதினார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அந்நூலுக்கு ஒப்புதல் அளித்தார். தெரிவு செய்யுமுன் மனம் எப்பக்கமும் சாயாத தராசு முள்ளாக நிற்க வேண்டும் என்கிறார் அதில். முன்பின் அறியாத ஒருவன் இதே நிலையில் வந்து கேட்டால் அவனுக்கு என்ன சொல்வாய்? சாகும் வேளையில் எதைச் செய்திருக்க விரும்புவாய்? இவற்றைத் தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்.

அந்தப் பயிற்சியில் வளர்ந்தவர் நம் அருளானந்தர். 1686இல் மறவ நாட்டில் பிடிபட்டு வதைபட்டவர், விடுதலையான பின் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். இளமையில் தம்மோடு அரண்மனையில் வளர்ந்த மன்னர் இரண்டாம் பேதுரு, லிஸ்பனிலேயே தங்கிவிட வேண்டினார். தங்கியிருந்தால் பாவமா? இல்லையே. அங்கும் குருத்துவப் பணிதான். இரண்டும் நல்ல வழிகள் என்னும்போதுதான் இறைத் திருவுளத்தைத் தேடிச் செபிப்பது உண்மையில் கடினமாகின்றது. அவர் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை கொடுத்தார்.

நம் அன்பருக்கும் இரண்டு வழிகள் இருந்தனவா? நாம் கேட்டோம்:

"நிலம் யார் பெயரில் இருக்கிறது?"

"அப்பா பெயரில்தான், சாமி. இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அண்ணன் போய்விட்டார். அண்ணி பின்கட்டில் இருக்கிறார்கள். அறுப்புக்கு அறுப்பு நெல் அளந்துவிடுகிறேன்."

"விற்றால் அவர்கள் கையெழுத்து வேண்டாமா?"

சற்று நேரம் பேசாதிருந்தார். "போடுவார்கள். எதற்கு என்று கேட்கமாட்டார்கள்."

மூன்று தடவை குலுக்கிய சீட்டில் அந்த அம்மாளின் பெயர் ஒருமுறையும் எழுதப்படவில்லை. கைம்பெண்ணின் பங்கைக் குறித்து இறைவன் மோசே காலத்திலேயே சொல்லிவிட்டார். அதற்கு நவநாள் தேவையில்லை. தெரிந்த திருவுளத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தெரியாததைக் கேட்டு முழந்தாளிடுகிறோம். ஒலிவ மலையில் நம் ஆண்டவர் தந்தையின் விருப்பம் இன்னதென்று அறியாமலா இரத்த வியர்வை சிந்தினார்? தம் விருப்பத்தை அதற்குக் கையளிக்கவே அவர் அவ்வளவு நேரம் செபித்தார். பரலோக மந்திரத்தில் நாம் கேட்பதும் அதுவே.

இதை இவ்வளவு விரிவாக அவரிடம் நாம் சொல்லவில்லை. "அண்ணியிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள்; பிறகு செபிக்கலாம்" என்று மட்டுமே சொன்னோம். முகம் வாடித்தான் போனார்.

சம்பா அறுவடை முடிந்தபின் மறுபடி வந்தார். பாகம் பிரித்து, நான்கு மா அண்ணியின் பெயருக்குப் பதிவாகிவிட்டதாம். எஞ்சிய நான்கு மாவை விற்பதா, மகனை உள்ளூரிலேயே ஏதேனும் தொழிலில் விடுவதா என்று வீட்டில் எல்லோரும் இரவு செபமாலைக்குப் பின் உட்கார்ந்து பேசுகிறார்களாம். அண்ணியும் வந்து அமர்கிறாராம். இன்னும் முடிவாகவில்லை என்றார்.

சீட்டுப் போட்டீர்களா என்று நாம் கேட்கவில்லை.