குண்டின் பருமனும் நிறுத்தும் வன்மையும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவருள், தமையனையோ சிறிய தகப்பனாரையோ இந்தியப் படையிற் சேவைக்கு அனுப்பிய குடும்பத்தார் எப்பொழுதும் உளர். அவ்வீரர் விடுமுறையில் ஊர் வந்து, போடியிலும் சின்னமனூரிலும் தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து பேசுங்கால், ஒரு வழக்கு மீண்டும் மீண்டும் எழக் கேட்கின்றோம். படைவீரன் துப்பாக்கிக்குச் சிறிய தோட்டா போதுமா, பெரிய தோட்டா வேண்டுமா என்பதே அது. "பழைய 7.62 பட்டால் பகைவன் எழமாட்டான்" என்பர் ஒரு சாரார். "5.56 இலேசு, மிகுதியாகச் சுமக்கலாம், குறியும் பிசகாது" என்பர் மற்றொரு சாரார். நம் விடுதித் திண்ணையிலும் இவ்வழக்கு நள்ளிரவு வரை நீள்வதுண்டு. இதனை வெறும் வாய்ப்போர் என்று தள்ளிவிடுதற்கில்லை. நம்மவர் உயிரும் பிறர் உயிரும் இதிற் கலந்திருத்தலின், நமது கருத்தை இங்கே கூறப்புகுகின்றோம்.

இவ்வழக்குப் புதிதன்று. பென்னிகுயிக் துரையின் பெரியாற்றணை திறக்கப்பெற்று நம் வயல்களுக்கு நீர் வந்த அதே 1895ஆம் ஆண்டில், வடமேற்கெல்லையிற் சித்ரால் படையெடுப்பு நிகழ்ந்தது. அதற்கு முன்னர் ஆங்கிலச் சிப்பாய்கள் கையாண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குண்டு 0.45 அங்குல விட்டமுள்ள வெறும் ஈயம். சித்ராலில் அவர்கள் ஏந்திய லீ-மெட்போர்டின் குண்டோ 0.303 அங்குலமே, முழுவதும் கடினமான உலோக உறையிட்டது. அது நெடுந்தூரம் செவ்வையாகச் சென்றது. ஆயினும், குண்டு பட்ட பின்னரும் மலைநாட்டார் நில்லாது ஓடிவந்து தாக்குகின்றனர் என முறையீடு எழுந்தது.

அம்முறையீட்டிற்குக் கிடைத்த மறுமொழி யாது? கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், நுனியுறையை நீக்கி ஈயம் வெளித்தோன்றச் செய்த புதிய குண்டு! அஃது உடலிற் புகுந்ததும் காளான்போல் விரிந்து பெரும்புண் செய்யும். 1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் கூடிய மாநாடு, அத்தகைய விரியும் குண்டுகளைப் போரில் வழங்கலாகாதெனப் பிரகடனம் செய்தது. ஆங்கில அரசாங்கம் அப்பொழுது உடன்படாது, 1907ஆம் ஆண்டிலேயே உடன்பட்டது. இவ்வாறு, வங்காளத்து ஊர் ஒன்றின் பெயர் கொடிய குண்டிற்குப் பெயராய் உலகெங்கும் நின்றுவிட்டது. நிறுத்தும் வன்மையைக் குண்டினிடத்தே மட்டும் தேடுவோர் எங்குப் போய் நிற்பர் என்பதற்கு இது சான்றாகும்.

நிற்க. நம் காலத்திற்கு வருவோம். 1960ஆம் ஆண்டுகள் முதல் நம் படையினர் கையில் இருந்தது 7.62 மில்லிமீட்டர் தோட்டாத் துப்பாக்கி. 1990ஆம் ஆண்டுகளில் 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் வந்தது. 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் அதுவே வழங்கிற்று. 2019ஆம் ஆண்டில் 7.62 மில்லிமீட்டர் சிக் 716 துப்பாக்கிகள் 72,400 வாங்க ஒப்பந்தமாயிற்று. 2021ஆம் ஆண்டு டிசம்பரில், அமேதியை அடுத்த கோர்வாவில் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட ஏ.கே. 203 துப்பாக்கிகள் செய்ய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று; அதுவும் 7.62. 1966ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நம் திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அவ்வகைத் தோட்டாவிற்குரிய துப்பாக்கி ஒன்றைச் செய்துள்ளது. "பார்த்தீர்களா, பெரியதே வென்றது!" என்பர் முதற் சாரார்.

இவ்விடத்துச் சற்றே நின்று எண்ணவேண்டும். சிக் 716இன் தோட்டாவும் ஏ.கே. 203இன் தோட்டாவும் விட்டத்தால் ஒரே பெயருடையன, வன்மையால் ஒன்றல்ல. முன்னதன் குண்டு ஏறக்குறைய 9.5 கிராம் எடையுடன் நொடிக்கு 840 மீட்டர் வேகத்திற் புறப்படுவது. ஆற்றல் 3,300 ஜூல் அளவினது. பின்னதன் குண்டு 8 கிராம், 715 மீட்டர். ஆற்றல் 2,000 ஜூல் அளவினது. சிறியதென்று இகழப்படும் 5.56இன் குண்டோ 4 கிராமே ஆயினும், 900 மீட்டர் வேகத்தால் 1,600 ஜூலைக் கடக்கின்றது. ஆகவே, விட்டத்தை மட்டும் சொல்லி வழக்குரைப்பவர், மாட்டின் நிறத்தைச் சொல்லி விலை பேசுபவரை ஒப்பர்.

இனி, குண்டு பட்டவன் தூக்கியெறியப்பட்டு வீழ்வான் என்பது சினிமாக் கொட்டகையிற் கற்ற பாடம். நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்த நம் மாணவர் இதனை நம்பலாகாது. குண்டிற்கு அத்தகைய தள்ளும் விசை இருக்குமாயின், சுட்டவனும் பின்னே வீழ்தல் வேண்டுமன்றோ? மூளையோ தண்டுவடமோ தாக்குண்டாலன்றி மனிதன் உடனே செயலொழிவதில்லை. இரத்தம் இழந்து சோர்தற்குக் காலம் வேண்டும். எனவே நிறுத்துவது முதற்கண் குறி, அதன்பின்னரே குண்டு. தவறிய பெரிய குண்டு ஒருவனையும் நிறுத்தாது.

சுமையையும் எண்ணுக. 7.62 பெருந்தோட்டா ஒன்று ஏறக்குறைய 24 கிராம், 5.56 தோட்டா 12 கிராம். முந்நூறு தோட்டாவிற்கு முன்னது ஏழு கிலோவிற்கு மேல். பின்னது மூன்றரைக் கிலோவிற்குச் சிறிது மிகுதி. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மலைப்பாதையில் ஏறியவர், இவ்வேற்றுமை முழங்காலுக்கு எவ்வளவு என்பதைச் சொல்லாமலே அறிவர்.

அங்ஙனமாயின் பெரிய தோட்டா வேண்டுவதில்லையோ எனின், அற்றன்று. இமயச் சரிவில் ஐந்நூறு, அறுநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பகைவனுக்குச் சிறிய குண்டின் வேகம் தளர்ந்துபோம்; மண்சுவரின் பின் மறைந்தவனுக்கும் அது போதாது. ஆண்டுக் கனமான குண்டே தகும். கடப்பாரையா மண்வெட்டியா சிறந்ததென எந்த உழவரும் வழக்கிடுவதில்லை. பாறைக்கு ஒன்று, வரப்பிற்கு மற்றொன்று. ஆதலின் தேர்ந்த குறிவீரர் சிலர்க்குப் பெரியதும், ஏனையோர்க்கு இலேசானதும் தருதலே தக்கது என்பது நமது துணிபு. தோட்டாவை மாற்றுதற்காகும் பொருளில் ஒரு பகுதியேனும் குறிப்பயிற்சிக்குச் செல்லுமாயின், நிறுத்தும் வன்மை தானே மிகும். கார்கில் குளிரில் இன்சாஸின் தோட்டாக்கூடு வெடிப்புற்றதென வந்த முறையீடும் கருவியின் குற்றமேயன்றி, 5.56இன் குற்றமன்று. ஒன்றன் பழியை மற்றொன்றின்மேல் ஏற்றுதல் கற்றார்க்கு அழகன்று.

இறுதியாக ஒன்று. ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டிச் சீமையில் உள்ளது பெருங்காமநல்லூர். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை பதிய மறுத்த அவ்வூர் மக்கள்மீது போலீசார் சுட்டனர். பலர் உயிர் துறந்தனர். அங்கே நினைவுத்தூணின் முன் நிற்போர் எவரும், பாய்ந்த குண்டின் விட்டம் யாதென வினவுவதில்லை. யார், யாரை, எதன்பொருட்டுச் சுட்டார் என்றே வினவுகின்றனர்.

1868ஆம் ஆண்டிலேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிற் கூடிய நாட்டினர், பகைவனைப் போர்செய்ய இயலாதவனாக்குதல் போதும், அதற்குமேல் அவன் துன்பத்தைப் பெருக்குதல் தகாது என ஒப்பினர். நிறுத்துதல் வேறு, வதைத்தல் வேறு. நம் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் துப்பாக்கி ஏந்துவராயின், குறி தவறாத கையும் எல்லை தவறாத மனமும் உடன் ஏந்துவார்களாக. விடுதித் திண்ணையின் வழக்கு இனியும் நடக்கட்டும். ஆயின் இவ்விரண்டும் அதில் இடம்பெறுக.