புத்தகமும் மலையேற வேண்டும்

மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளில் சிறு நூல்களை அச்சிட்டு வகுப்பறைக்கு அனுப்பியது. மூன்றும் பாராட்டத் தக்கவை. ஆனால் திருவிழாவுக்கும் நூலகத்துக்கும் குழந்தைதான் போக வேண்டும். வகுப்பறைப் புத்தகமோ பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளைக்குத்தான் கிடைக்கும். இன்னும் பள்ளி செல்லாத, எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையைத் தேடிப் புத்தகம் போக வேண்டுமானால், அதைத் தொடங்கத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரும் அதன் ஏலமலைச் சரிவுகளும்தான் பொருத்தமான இடம்.

காரணம், இந்த ஊரின் பிழைப்பு. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுகின்றன. காய் எடுத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பகல் முழுக்கப் பிள்ளை இருப்பது அம்மாச்சியிடம், அப்பத்தாவிடம், இல்லையென்றால் அங்கன்வாடியில். அந்த அம்மாச்சிக்கு எழுத்து தெரியாமல் இருக்கலாம். படத்தைப் பார்த்துக் கதை சொல்லத் தெரியும். படப்புத்தகத்தின் பலமே இதுதான். அதைப் படித்துக்காட்டப் படித்தவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பக்கத்துக்கு ஒரு வரி இருந்தாலும் போதும். மீதியைப் படம் சொல்லும், பாட்டி சொல்வார், பிள்ளை கேள்வி கேட்கும்.

கைபேசியில்தான் கதைகள் கொட்டிக் கிடக்கின்றனவே என்பார்கள். கைபேசி அம்மாவோடு தோட்டத்துக்குப் போய்விடுகிறது. வீட்டில் இருந்தாலும் அதில் ஓடும் படம் குழந்தையின் கேள்விக்காக நிற்பதில்லை. ஒரே பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கப் புத்தகம் இடம் கொடுக்கிறது.

எந்தப் புத்தகம் என்பதும் முக்கியம். தமிழில் குழந்தை இலக்கியத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அழ. வள்ளியப்பா பாட்டால் வளர்ந்த தலைமுறைகள் உண்டு. கீழடியை மையமாக வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ 2023-இல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய விருதைப் பெற்றது. பக்கத்து மண்ணின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் இவை பெரும்பாலும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானவை. மூன்று, நான்கு வயதுக்கான வண்ணப் படப்புத்தகம், அதிலும் மலையடிவாரத்துப் பிள்ளை தன் உலகத்தைப் பார்க்கும் புத்தகம், மிகக் குறைவு.

இத்தனைக்கும் ஏலத்தோட்டம் படப்புத்தகத்துக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய்ப்பது உச்சியில் இல்லை; அடித்தண்டிலிருந்து தரையை ஒட்டிப் படரும் சரத்தில். அதனால்தான் அம்மா நாளெல்லாம் குனிந்தே நிற்கிறாள். அந்தப் பூவில் காய் பிடிக்கத் தேனீ வர வேண்டும். பறித்த பச்சைக் காய் நிறம் மாறாமல் ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் காய்ந்து, போடியில் பெண்கள் கையால் தரம் பிரிக்கப்பட்டு, ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்துக்குப் போகிறது. தன் அம்மா செய்யும் வேலையை ஒரு குழந்தை படத்தில் காண இதைவிட நல்ல கதை எது? குரங்கணிப் பக்கத்து முதுவர் குடிகளிலும் சிறைக்காட்டுப் பளியர் குடியிருப்பிலும் வழங்கும் கதைகளையும் அந்தப் பழங்குடி மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் பெயரிலேயே புத்தகமாக்கலாம்.

பதிப்பாளர்கள் ஏன் இதைச் செய்வதில்லை? படப்புத்தகத்துக்கு எழுத்து கொஞ்சம், செலவு அதிகம். ஓவியருக்குக் கூலி, நான்கு வண்ண அச்சு, கனமான தாள் என்று அடக்கவிலை ஏறிவிடுகிறது. தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு மூச்சுக்காற்றான நூலக ஆணையோ, அதாவது பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் ஆணையோ, நீண்ட காலம் பாரக் கணக்கில் (அச்சுத்தாள் எண்ணிக்கையில்) விலை போட்டது. 16 பக்கப் படப்புத்தகம் அந்தக் கணக்கில் எப்படிப் பிழைக்கும்? நூலக ஆணையில் படப்புத்தகங்களுக்குத் தனிப் பங்கும் தனி விலைமுறையும் வேண்டும். பிரதம் புக்ஸ் 2015 முதல் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில், யாரும் அச்சிட்டுக்கொள்ளும் உரிமத்தோடு தமிழ்ப் படக்கதைகள் இருக்கின்றன. அண்டை மாவட்டத்தில் சிவகாசி அச்சகங்கள் இருக்கின்றன. புதிய நூல்கள் வரும்வரை இவற்றைக் கொண்டே தொடங்கலாம்.

புத்தகத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதற்கு முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. எஸ்.ஆர். ரங்கநாதனின் வழிகாட்டலில் 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. நம் காலத்தில், இதே மலைத்தொடரில் இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடியில், காட்டுக்குள் தேநீர்க் கடை நடத்திய பி.வி. சின்னத்தம்பி 160 புத்தகங்களை வைத்து முதுவர் மக்களுக்கு இரவல் கொடுத்துவந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் உலகறியச் செய்தார். ஒரு தனிமனிதரால் அங்கே முடிந்தது, அரசால் போடியில் முடியாதா?

பணம் இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நம் மாநிலத்தில்தான் வந்தது. அதன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் பிடிக்கப்படுகிறது. போடியில் வீடும் கிட்டங்கியும் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைக் கட்டுகிறார்கள். வசூலான வரியை உள்ளாட்சிகள் நூலகத் துறைக்கு ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது தமிழகமெங்கும் உள்ள பழைய புகார். நிலுவையைத் தீர்த்தாலே புத்தகம் சுமந்து மலையேறும் ஒரு ஜீப்பையும் ஓட்டுநரையும் புத்தகங்களையும் தாங்கலாம்.

தேனி மாவட்ட நூலக ஆணைக்குழு செய்ய வேண்டியது இதுதான்: அங்கன்வாடிகளையும் மலைக்குடியிருப்புகளையும் நிறுத்தங்களாக வைத்து, வாரம் ஒருமுறை தவறாமல் வரும் குழந்தைகள் நூல் ஜீப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும். தாய்மார்கள் வீட்டில் இருக்கும் நாளும் நேரமும் பார்த்து அது வர வேண்டும். பிள்ளை கையில் புத்தகம் கிழியத்தான் செய்யும். அதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டுமே தவிர, நூலகர் தலையில் கட்டக் கூடாது. ஏலக்காய் வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும் கைகொடுக்கலாம்: இன்றைய ஏல விலையில் ஒரு கிலோ காய்க்கு இருபது சிறு படப்புத்தகங்களுக்கு மேல் வாங்க முடியும். ஆனால் அவர்களின் நன்கொடைக்காக அரசு காத்திருக்கக் கூடாது. வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுப்பது அரசின் கடமை. அடுத்த காய் எடுப்புப் பருவத்துக்குள் அந்த ஜீப்பு கிளம்பியாக வேண்டும்.